மசூது வீட்டு இரைச்சல்

ரெக்கார்டு பிளேயரின் ஊசி இன்னும் இசைத்தட்டைத் தொடவில்லை. அதற்குள் இரைச்சல் வந்துவிட்டது. இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரே சீராக, கனமாக, தரையில் ஊன்றிய பாதத்துக்குக்கூடத் தெரிகிற மாதிரி வந்தது.

“என்னலே இது, மாவு மில்லுக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு” என்றார் மசூது.

“இரு. இன்னும் தட்டே போடல” என்றார் நமசிவாயம்.

“தட்டு போட்டா மட்டும் மில்லு நின்னுருமா?”

நமசிவாயம் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, இரைச்சலைக் கேட்டார். தென்காசித் தொலைபேசி நிலையத்தில் பழுது கேட்கும் மேஜையில் உட்கார்ந்தே ஓய்வு பெற்றவர் அவர். லைனில் சத்தம் வருகிறது என்று யாராவது புகார் சொன்னால், ஹெட்செட்டைக் காதில் வைத்துச் சற்று நேரம் கேட்பார். ஜாயிண்டுக்குள் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது என்பார். அல்லது, கம்பி எங்கோ முருங்கை மரத்தில் உரசுகிறது என்பார். லைன்மேன் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அவருக்கு ஒரு முறை உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், கேட்க வேண்டும், மாற்றம் இல்லையென்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போக வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றுகிறவனுக்குப் பழுது தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. அவர் மனைவி பேராச்சி இதை வைத்தே அவரைக் கேலி செய்வாள்: “பொண்ணு பாக்கப் போன எடத்துலயும் இந்த மனுசன் அப்படித்தான் செஞ்சிருப்பாரு. மாத்தம் இல்லன்னு ஒவ்வொண்ணையும் பழையபடி வச்சிட்டு வந்திருப்பாரு.”

மசூதும் அவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள். மசூது குவைத்துக்குப் போய் ஏசி மெக்கானிக்காக இருந்து, திரும்பி வரும்போது இந்தப் பிளேயரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கர்களையும் கப்பலில் போட்டுக் கொண்டுவந்தவர். மற்றவர்கள் தங்கமும் போர்வையும் கொண்டுவந்தபோது இவர் இதைக் கொண்டுவந்தார் என்று அவர் மனைவி ராபியா அந்தக் காலத்தில் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். இப்போது மசூது கட்டிலை விட்டு அதிகம் இறங்குவதில்லை. கொரோனா வந்துபோனதில் நுரையீரல் தடித்துவிட்டது. மூக்கில் குழாய் மாட்டியிருக்கும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று கட்டிலின் தலைமாட்டில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் அதற்கு ‘மிஷின்’ என்று பெயர். டாக்டர் மறைக்கவில்லை. இனி நுரையீரலின் பலம் கூடப்போவதில்லை, குறையத்தான் செய்யும் என்று போன தடவை சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள்தான் மசூது, பிளேயர் மேல் கிடந்த துணியை எடுக்கச் சொன்னார். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு தட்டு. அதிலும் ஒரே ஒரு இடம்.

இலத்தூர்க்காரர் ஒருவர் வாசித்த நாதஸ்வரத் தட்டு அது. கம்பெனி எப்போதோ மூடிப்போய்விட்டது. தட்டின் நடுவில் ஒட்டிய காகிதமும் பாதி கிழிந்துவிட்டது. ராகம் தொடங்குவதற்கு முன்னால், ஊசி வெற்றுப் பள்ளத்தில் ஓடும்போது, வாசிக்கிறவர் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் அதில் பதிந்திருக்கிறது. கவனித்துக் கேட்டால்தான் கேட்கும். பதிவு செய்தவர் அதை வெட்டாமல் விட்டது கவனக்குறைவாக இருக்கலாம். மசூதுக்கு அதுதான் தட்டின் விலை.

“அந்த மூச்சுலதாம்லே ஆளு உள்ள வருதான்” என்பார். “அதுக்குப் பெறகு வாறது எல்லாம் வாத்தியம். வாத்தியத்த யாரும் வாசிக்கலாம்.”

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆட்டுக்கறிக் குழம்பின் மணம் அடுக்களையிலிருந்து வர, அந்த முன்னறையில் உட்கார்ந்து இருவரும் அதைக் கேட்டிருக்கிறார்கள். குழம்பு நமசிவாயத்துக்குக் கிடையாது. அவருக்கென்று ராபியா தனியாக ரசம் வைப்பாள். மூச்சு வரும் இடத்தில் மசூது ஒரு விரலைத் தூக்குவார். நமசிவாயம் தலையசைப்பார்.

இப்போது மசூதின் மகள் அஃப்ரின் ஷார்ஜாவிலிருந்து, அதே வாசிப்பு இணையத்தில் இருக்கிறது என்று போனுக்கு அனுப்பியிருந்தாள். யாரோ சுத்தம் செய்து ஏற்றியிருந்தார்கள். முன்னால் இருந்த வெற்றிடத்தையும் சேர்த்துச் சுத்தம் செய்துவிட்டார்கள். நேரே நாதஸ்வரம்.

“ஆளில்லாத வீட்டுக்குள்ள நொழஞ்ச மாதிரி இருக்கு” என்று போனைத் தள்ளி வைத்துவிட்டார் மசூது. “நீ இதச் சரி பண்ணு. எனக்கு அந்த மூச்ச ஒரு மட்டம் கேக்கணும். ஒரே தடவ, அவ்வளவுதான்.”

நமசிவாயம் கேட்ட இரைச்சலில் இரண்டு குரல் இருந்தது. ஒன்று தாழ்ந்த ‘ம்ம்ம்’. அதன்மேல், தகரத்தில் வண்டு உரசுவது போல ஒரு ‘ஸ்ர்ர்’. முதலாவதை அவர் அன்றே பிடித்துவிட்டார். பிளேயரிலிருந்து ஆம்ப்ளிக்கு வரும் மெல்லிய எர்த் கம்பி, திருகாணியில் இருந்து கழன்று பின்னால் தொங்கியது. துரு சுரண்டி, திருகி இறுக்கினார். ‘ம்ம்ம்’ அடங்கியது. வண்டு அப்படியே இருந்தது.

“பாதி போயிட்டு” என்றார்.

“பாதி மூச்ச வச்சு நான் என்ன செய்ய?” என்றார் மசூது. சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். சிரிப்பு இருமலாகி, ராபியா ஓடிவந்து முதுகைத் தடவ வேண்டியதாயிற்று.

மறுநாளிலிருந்து நமசிவாயம் காலைப் பலகாரத்தை முடித்ததும் அங்கே வந்துவிடுவார். பேராச்சி, “நம்ம வீட்டு மிக்ஸி ஊருக்கே கேக்குத மாதிரி கத்துது, அதப் பாக்க ஆளில்ல” என்று சொல்லிப் பார்த்தாள். மிக்ஸியில் யாருடைய மூச்சும் இல்லை என்பதால் அது காத்திருந்தது.

இடது வயரையும் வலது வயரையும் மாற்றிச் செருகினார். வண்டு பக்கம் மாறவில்லை. பிளேயரை ஆம்ப்ளியிலிருந்து தள்ளி வைத்தார். வண்டு கொஞ்சம்கூட அசரவில்லை. பிறகு வீட்டில் கரண்டில் ஓடுகிற ஒவ்வொன்றையும் அணைத்துப் பார்க்கத் தொடங்கினார். பிரிட்ஜை நிறுத்தினார், ராபியா பாலைப் பற்றிக் கவலைப்பட்டாள். மின்விசிறியை நிறுத்தினார், மசூதுக்கு வேர்த்தது. டியூப்லைட், தண்ணீர் மோட்டார், இணையப் பெட்டி, டிவியின் கேபிள் வயர், போன் சார்ஜர், வாசல் மணி வரை ஒவ்வொன்றாக அணைத்து, கேட்டு, மறுபடி போட்டார். வண்டு தன்பாட்டுக்கு இருந்தது.

அடுத்து அவர் சந்தேகப்பட்டது வீட்டின் எர்த்தை. கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் எர்த் குழி இருந்தது. அதில் உப்பும் கரியும் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். வெளியே சாரல் பொடியாக விழுந்துகொண்டிருந்தது. ராபியா அடுக்களை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அண்ணே, ஊரே நனஞ்சு கெடக்கு. நீங்க குழிக்குத் தண்ணி ஊத்துதியளே.”

“மேல நனையது வேற, அடியில நனையது வேற தங்கச்சி.”

“எப்படியோ, ஊத்துனது ஊத்துனிய, அந்த வாழைக்கும் ரெண்டு குடம் ஊத்திருங்க.”

வாழைக்கும் ஊற்றினார். வண்டு போகவில்லை. ஆம்ப்ளியின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. குவைத்திலிருந்து சதுரக் கால்களோடு வந்த பிளக்கை யாரோ வெட்டிவிட்டு, இரண்டு கால் பிளக்கை மாட்டியிருக்கிறார்கள். பச்சைக் கம்பியை ஒட்ட நறுக்கியிருக்கிறார்கள். நமசிவாயத்துக்கு அன்று பகல் முழுக்க முகம் மலர்ந்திருந்தது. கடைக்குப் போய் மூன்று கால் பிளக் வாங்கிவந்து, பச்சைக் கம்பியைச் சீவி, பதவிசாக மாட்டினார்.

சுவிட்சைப் போட்டார். ஒரு வண்டு இருந்த இடத்தில் ஒரு கூடு வண்டு வந்தது.

மசூது நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “நல்லாப் பண்ணியிருக்கலே” என்றார். “முன்னால மில்லு. இப்ப மில்லுகாரன் வீட்டுக் கல்யாணம்.”

இரண்டு கால் பிளக் திரும்ப மாட்டப்பட்டது. சரியான ஒன்றைச் செய்தால் பழுது கூடுகிறது என்றால் அதற்கு என்ன பொருள் என்று அவருக்கு விளங்கவில்லை. இந்த வயசில் காது கேட்கிறது, கை ஓடுகிறது, ஆனால் காரணம் மட்டும் நழுவிக்கொண்டே போனது. வீட்டுக்குக் கிளம்பும்போது செருப்பை மாற்றிப் போட்டுவந்தார். பேராச்சிதான் பார்த்துச் சொன்னாள்.

ஊரில் மைக் செட்டும் ஸ்பீக்கரும் பழுது பார்க்கிறவர் ஜெனோ. சீசன் நிகழ்ச்சிக்குக் குற்றாலத்தில் மேடை போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, நமசிவாயம் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். மெயின் அருவிக்குப் போகும் வழியெல்லாம் ஈரத்துண்டும் சிப்ஸ் பொட்டலமுமாகக் கூட்டம். எண்ணெய் தேய்க்கிறவர்கள் இரண்டு பேர், “வாங்க அண்ணாச்சி, முதுகு வலி கழண்டுரும்” என்று கையைப் பிடித்தார்கள். தார்ப்பாய்க்கு அடியில் ஜெனோ தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒரு பெட்டியின் குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தார். காணாமல்போன ஒரு பிள்ளையின் சட்டை நிறத்தை மைக்கில் யாரோ அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

நமசிவாயம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். ஜெனோ பாதி கேட்டார், பாதி மேடையைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, நம்ம தொழில்ல இதுக்கு ஒரே வைத்தியம்தான். ஸ்டேஜ விட்டு நாலு கடை தள்ளிப் போயி நின்னு கேட்டா ஒரு எரைச்சலும் கேக்காது.”

“வீட்டுக்குள்ள நாலு கடைக்கு எங்க போக?”

“அப்ப ப்ளூடூத் ஒண்ணு வாங்கிக் குடுங்க.” பிறகு நமசிவாயத்தின் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் இறங்கிவந்தார். “ஊசி மாட்டுத தலை நல்லாருக்கா? சரி. வயரு மாத்திப் பாத்திய. எர்த்து பாத்திய. வீட்ல ஓடுத எல்லாத்தையும் அணைச்சுப் பாத்தியளா?”

“பாத்தாச்சு.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்” என்றார் நமசிவாயம், சற்றுக் கோபத்தோடே. இருபது வருஷம் பழுது மேஜையில் இருந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது.

“அப்ப வெளியில இருந்து வாறதுதான். வெளியில இருந்து வாறத நாம என்ன செய்ய முடியும்?”

அருவியின் இரைச்சலும் மைக்கும் சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தது. அங்கே யாருக்கும் அது இரைச்சலாகத் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் அத்தனை பேரும் பஸ் ஏறி வந்திருந்தார்கள். நமசிவாயம் நனைந்த வேட்டியோடு திரும்பினார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. மிஷினின் பக்கவாட்டில் தூசி தடுக்கும் பஞ்சு ஒன்று உண்டு. வெள்ளிதோறும் ராபியா அதைக் கழற்றிக் கழுவிக் காயப்போட்டு, மாற்றுப் பஞ்சை வைப்பாள். அந்தச் சற்று நேரத்துக்கு மிஷினை நிறுத்தி, கட்டிலின் கால்மாட்டில் நிற்கும் சின்ன சிலிண்டரில் மசூதின் குழாயை மாட்டுவாள். நமசிவாயம் ஆம்ப்ளியைத் திறந்தபடி போட்டு, பின்பக்கம் ஒவ்வொரு இணைப்பாக விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இணைப்பை அழுத்தியபோது வண்டு நின்றது.

விரலை எடுக்காமல் அப்படியே இருந்தார். மெல்ல எடுத்தார். வண்டு வரவில்லை. திருப்பி அழுத்தினார், எடுத்தார். வரவில்லை. ஸ்பீக்கரில், பஞ்சை ஊதிவிட்டது போல ஒரு சின்ன ‘ஹா’ மட்டும். சுத்தமான அமைதி. “கெடச்சிட்டு” என்று சொல்ல வாயெடுத்தார்.

பின்னால் ‘டக்’ என்று சுவிட்ச் விழும் சத்தம். மிஷின் பெருமூச்சு விட்டு ஓடத் தொடங்கியது. வண்டு வந்தது.

நமசிவாயம் திரும்பிப் பார்த்தார். ராபியா, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மசூதின் குழாயை மாற்றிக்கொண்டிருந்தாள்.

பிரிட்ஜிலிருந்து வாசல் மணி வரை அணைத்தவர் அந்தப் பெட்டியைத் தொடவேயில்லை. அது கரண்டில் ஓடும் பொருள் என்று அவருக்கும் தோன்றவில்லை, மற்ற இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. மசூதின் கையும் காலும் போல அதுவும் மசூதுதான் என்று மூன்று பேருமே இருந்துவிட்டார்கள். பச்சைக் கம்பியை மாட்டியபோது இரைச்சல் ஏன் கூடியது என்பதும் அவருக்கு இப்போது விளங்கியது. மிஷினும் ஆம்ப்ளியும் ஒரே எர்த்தில் சேர்ந்துகொண்டதுதான். வேலையில் இருந்த காலத்தில் இப்படி ஒரு காரணம் பிடிபட்டால், அன்று மாலை வீட்டுக்கு அல்வா வாங்கிப் போவார். இன்று ஆம்ப்ளியின் மூடியைப் பொருத்தி, நாலு திருகாணிகளையும் மெதுவாகத் திருகினார்.

“என்னலே, பேயறஞ்ச மாதிரி இருக்க?” என்றார் மசூது.

“ஒண்ணுமில்ல. இன்னிக்கு இவ்வளவு போதும்.”

“நின்னுச்சுல்லா இப்ப? எனக்கும் கேட்டுச்சு.”

நமசிவாயம் மிஷின் பக்கம் திரும்பினார். மசூதும் மிஷினைப் பார்த்தார்; பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தார். ஏசி மெக்கானிக்காக இருந்தவருக்கு மோட்டாரின் சத்தத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“அடப் பாவி” என்றார் மெல்ல. “நான்தானா?”

அதற்குப் பிறகு அவர்கள் செய்யாதது இல்லை. நீளமான குழாய் வாங்கி, மிஷினை உள்ளறைக்குத் தள்ளி, கதவைச் சாத்தினார்கள். வண்டு சற்று மெலிந்தது. ஆனால் கதவுக்கு அடியில் குழாய் மடங்கி, மசூதின் விரலில் மாட்டிய, ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி கத்தத் தொடங்கியது. ராபியா அன்றோடு மிஷினை அவர் தலைமாட்டை விட்டு நகர்த்தக் கூடாது என்று சொல்லிவிட்டாள். பிளேயரை அடுக்களை லைனில் போட்டார்கள். வீட்டு இன்வெர்ட்டரில் தனியாகப் போட்டார்கள். அதில் வண்டு போய்த் தேனீக்கூடு வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு வயர் இழுக்கலாம் என்றால், அந்த வீட்டு யஹ்யா குடும்பத்தோடு தோஹாவில் இருந்தார், பூட்டு தொங்கியது.

“சிலிண்டர் இருக்குல்லா” என்றார் மசூது ஒரு நாள்.

ராபியா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. “அது கரண்டு போனா உங்களுக்கு.”

“ஒரு பக்கம் ஓடி முடியத வரைக்கும்தான் கேக்கேன்.”

“காத்து எப்படி அடிக்குன்னு பாத்தியளா? நேத்து குத்தாலம் ரோட்டுல மரம் விழுந்து பொழுது அடஞ்சு கரண்டு வந்துச்சு. அந்த இன்வெர்ட்டரு மிஷின இழுக்காது. சிலிண்டரத் தீத்துட்டுப் பெறகு என்ன செய்ய? பாட்டுக்கா?”

“பாட்டுக்கு இல்ல ராபியா. மூச்சுக்கு.”

“நானும் மூச்சுக்குத்தான் சொல்லுதேன்.”

ராபியா மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். நமசிவாயத்துக்கு எழுந்து போவதா உட்காருவதா என்று தெரியவில்லை. அவர் இன்னொரு சிலிண்டருக்கு அலைந்துதான் இருந்தார். காலி சிலிண்டர் கொண்டுவந்தால் நிரப்பித் தருகிறோம், புதிதாகத் தர இருப்பு இல்லை என்று கேட்ட இடத்திலெல்லாம் சொன்னார்கள். இருப்பதை நிரப்ப வேண்டுமானாலும் திருநெல்வேலிக்குப் போக வேண்டும். போய் வருகிற வரைக்கும் வீட்டில் ஒன்றும் இருக்காது.

காற்று அடங்கிய ஒரு நாள் காலையில் ராபியாவே போன் செய்தாள்.

“அண்ணே, வாங்க. இன்னிக்கு ஒரு இலகூட அசையல. சிலிண்டரு முள்ளு பாதிக்கு வந்தா நான் மிஷினப் போட்டுருவேன். அது என் கணக்கு. அதுக்குள்ள என்ன செய்யணுமோ செஞ்சுக்கிடுங்க.”

நமசிவாயம் போனபோது மசூது சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். “பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ள மாதிரி இருக்கியே” என்றதற்கு, “ஆளு வாறாம்லா” என்றார்.

ராபியா குழாயை சிலிண்டரில் மாட்டினாள். விரலில் மாட்டிய கருவியைப் பார்த்தாள். பிறகு குனிந்து மிஷினை நிறுத்தினாள்.

அறை சட்டென்று பெரிதானது போலிருந்தது. தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. கொல்லைக் குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. மசூது தலையணையில் சாய்ந்து, காதைத் தீட்டியபடி மெல்லச் சிரித்தார். “இப்படி இருந்துச்சா நம்ம வீடு?”

நமசிவாயம் ஆம்ப்ளியைப் போட்டார். வண்டு இல்லை. இடது ஸ்பீக்கரில் காதை வைத்தார், வலதில் வைத்தார். சுத்தம். இத்தனை பாடு பட்டுவிட்டு, கடைசியில் தட்டில் இருக்கும் ஒரு தூசி அந்த இடத்தில் ‘டிக்’ என்று விழுந்து மூச்சை மறைத்துவிட்டால்? தட்டை உறையிலிருந்து எடுத்து, மெல்லிய துணியால் வட்டமாகத் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரத்தில் ஒரு நூல் தெரிந்தது, மறுபடி துடைத்தார். ஊசியின் முனையில் பஞ்சு பிடித்திருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சின்னத் தூரிகையால் பின்னாலிருந்து முன்னால் தட்டிவிட்டார். எர்த் கம்பியின் திருகாணி இளகியிருக்குமோ என்று தோன்றியது. குனிந்து அதையும் ஒரு சுற்று இறுக்கினார். ஒரு நேரத்தில் ஒன்று. எதையும் விடவில்லை.

பிறகு ஊசியை இறக்கினார்.

வெற்றுப் பள்ளத்தில் ஊசி ஓடும் மெல்லிய சரசரப்பு. அதற்குள்ளிருந்து மூச்சு வந்தது. பக்கத்து நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து வாயைத் திறப்பது போல, அவ்வளவு கிட்டத்தில். இத்தனை வருஷத்தில் இவ்வளவு தெளிவாக நமசிவாயம் அதைக் கேட்டதில்லை. ராபியாவுக்கும் கேட்டது, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் வாசலைப் பார்த்தாள், யாரோ வந்துவிட்டது போல. நாதஸ்வரம் எழுந்தது.

நமசிவாயம் விரலைத் தூக்கியபடி மசூதின் பக்கம் திரும்பினார்.

மசூது தூங்கிக்கொண்டிருந்தார். வாய் சற்றுத் திறந்து, தலை ஒரு பக்கம் சாய்ந்து, நெற்றியில் சுருக்கமே இல்லாமல். சட்டையின் மேல் பித்தான் ஏறி இறங்கியது.

“ஏலே—” என்று எழுப்பப் போனார். ராபியா கையை நீட்டித் தடுத்தாள்.

“வேண்டாம்ணே.” குரல் வரவில்லை, உதடுதான் அசைந்தது. பக்கத்தில் வந்து சொன்னாள். “அந்தப் பெட்டி வந்ததுல இருந்து இவுக இப்படித் தூங்கல. காதுகிட்ட அதுதானே கெடந்து உருமும். அரைத்தூக்கம் தூங்கி முழிச்சு, முழிச்சு… இருக்கட்டும்.”

எழுப்பித் தட்டை மறுபடி போட்டால் மூச்சைக் கேட்பார். எழுப்பாவிட்டால் தூங்குவார். சிலிண்டரில் இரண்டுக்கும் சேர்த்துக் காற்று இல்லை. ஊசியை எடுத்துவிட்டால் அந்த மாற்றத்தில் விழித்துக்கொள்வாரோ என்று அதையும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்து, கேட்க வேண்டியவர் தூங்க, அந்த நாதஸ்வரத்தைக் கடைசி வரை கேட்டார்கள். தட்டு முடிந்து ஊசி உள்வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ராபியா சிலிண்டரின் முள்ளைப் பார்த்தாள், மசூதைப் பார்த்தாள், மறுபடி முள்ளைப் பார்த்தாள். பாதியைத் தாண்டி ஒரு கோடு இறங்கும் வரை விட்டாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. குழாயை மாற்றிவிட்டு, குனிந்து சுவிட்சைப் போட்டாள்.

மிஷின் உருமியது. ஸ்பீக்கரில் வண்டு வந்தது. மசூது கண்ணைத் திறந்தார்.

“இன்னும் தொடச்சு முடியலியாலே?” என்றார். “போடு.”

நமசிவாயம் ஆம்ப்ளியை அணைத்தார். “போட்டாச்சுலே. ஓடி முடிஞ்சிட்டு. நீ தூங்கிட்ட.”

மசூது மிஷினைப் பார்த்தார். சிலிண்டரைப் பார்த்தார். கோபம் வரும் என்று நமசிவாயம் காத்திருந்தார். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எம்புட்டு நேரம்லே தொடச்ச?”

“தூசி இருந்துச்சு.”

“ஒன்னயப் போயி இந்தச் சோலிக்குக் கூப்பிட்டேன் பாரு.” குழாயைக் காதின் மேல் சரிசெய்துகொண்டார். “மூச்சு கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“நல்லாவா?”

“கிட்டத்துல. பக்கத்துல உக்காந்த மாதிரி.”

“எப்படி இருந்துச்சு?”

எங்கோ ஒரு கம்பத்தில் நீர் இறங்கிய சத்தத்தை ஊருக்கெல்லாம் விளக்கிச் சொன்னவர் நமசிவாயம். இதற்கு ஒரு சொல்லும் வரவில்லை. நாற்காலியைக் கட்டிலுக்கு இழுத்துப் போட்டு, மசூதின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, மூச்சை உள்ளே இழுத்துக் காட்டினார்.

மசூது கண்ணை மூடிக் கேட்டார். “அவ்வளவு நீளம் கெடையாதுலே” என்றார். “குட்டையா இருக்கும். கடைசியில டக்குன்னு நிக்கும்.”

நமசிவாயம் மறுபடி இழுத்தார்.

“மூக்கையும் சேத்து இழு.”

இழுத்தார். அடுக்களைக்குள்ளிருந்து ராபியா, “ரெண்டு பேரும் அங்க என்ன செய்யுதிய?” என்று கேட்டாள். தலைமாட்டில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மசூது தலையை மெல்ல அசைத்தார்.

“அதில்லலே” என்றார். “இன்னொரு மட்டம்.”